ஆயிரத்து நூற்றைம்பது கிராம்

2022 ஆகஸ்ட், சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. ஸ்டேஷனிலிருந்து போன். "உங்க தம்பி இங்க இருக்கான், ஆதார் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் ஏட்டு. நான் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். டிரிபிள்ஸ் போய் மாட்டியிருப்பான், ஃபைன் கட்டிக் கூட்டி வந்துவிடலாம் என்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

டிரிபிள்ஸ் போனது உண்மைதான். நடுவில் உட்கார்ந்தவன் மடியில் ஒரு பை. அதில் கஞ்சா.

பை யாருடையது, தம்பிக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது என்கிறான். அவன் எப்போதாவது புகைப்பவன் என்பது எனக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் நான் இங்கே எழுதப்போவதில்லை.

எஃப்.ஐ.ஆரில் பிரிவு 8(சி), 20(பி)(ii)(பி) என்று இருந்தது. அந்தக் கடைசி 'பி'யில்தான் எல்லாம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதிகபட்சம் ஒரு வருஷம், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டிவிட்டால் பத்து வருஷம் வரை போகும்; அதுதான் அந்தக் கடைசி 'பி'. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்து வருஷம், பெயிலும் லேசில் கிடைக்காது. தம்பி கேஸில் எழுதியிருந்தது 1.150 கிலோ.

முதலில் பார்த்த வக்கீல் 60,000 கேட்டார். அம்மாவின் தோட்டைக் கழற்றப் போனபோதுதான், கடைக்கு வரும் கோர்ட் கிளார்க் ஒருவர் சொன்னார்: காவலில் இருப்பவனுக்கு வருமானம் எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடு என்று. இலவசம் என்றால் இளப்பம் என்று நினைத்துத்தான் போனேன். வந்த வக்கீல் மேடம் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவும்மா?" இரண்டாவது, "பையோடயா, பை இல்லாமயா?"

மகஜரில், அதாவது பிடித்த பொருளைப் பற்றிப் போலீஸ் அங்கேயே எழுதும் குறிப்பில், 'பாலிதீன் கவருடன்' என்று இருந்தது. பூவும் காயும் உள்ள நுனிதான் சட்டப்படி கஞ்சா. அது இல்லாமல் தனியே இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. அதையும் பிரித்து எழுதவில்லை.

நான் பார்த்தது வேறொன்று. நாள் முழுக்க அடுத்தவர் காகிதத்தைப் பார்த்தே பழகிய கண் இது. மகஜர் எழுதி முடித்த நேரம் மாலை 6.10. எஃப்.ஐ.ஆர் பதிவான நேரம் இரவு 8 மணி. ஆனால் 6.10-க்கு எழுதிய மகஜரின் தலையில் எஃப்.ஐ.ஆரின் குற்ற எண், அதே கையெழுத்தில், வரி இடிக்காமல் உட்கார்ந்திருந்தது. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் எப்படி வந்தது? மேடம் அந்தப் பக்கத்தை மட்டும் நாலு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்.

நான் இன்னொன்றையும் பெருமையாகக் காட்டினேன். சோதனைக்குச் சம்மதம் என்று மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று 2014-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதாம். "ஆனா பிரிவு 50 உடம்பைச் சோதிக்கிறதுக்குத்தாம்மா. பையில இருந்து எடுத்ததுக்கு இது நிக்காது" என்று மடித்து வைத்துவிட்டார்.

சிறப்பு நீதிமன்றத்தில் முதல் பெயில் மனு தள்ளுபடி. ஹைகோர்ட் மதுரைக் கிளையில் நாற்பத்தோராம் நாள் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தாலும், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் பெயில் உரிமையாகவே வந்துவிடும். வணிக அளவென்றால் அது 180 நாள். இதை நம்பி நான் காலண்டரில் தினமும் கட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

பெயில் ஆர்டர் வந்தும் தம்பி வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு. பணம் கட்டுவதில்லை, வீட்டு வரி ரசீதும் சொந்த ஆளும் வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பாவிடம் போனேன். காபி கொடுத்தார். பீரோவைத் திறந்து ரசீதை எடுத்து மேஜையில்கூட வைத்தார். பிறகு பெரியம்மா உள்ளேயிருந்து ஏதோ கூப்பிட, திரும்பி வந்து, "பழைய ரசீதும்மா இது, செல்லாது" என்று மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். அந்த வருஷத்து ரசீதுதான். நான் தேதியைப் பார்த்துவிட்டேன். கடைசியில் ஒரு கையெழுத்து தாய்மாமா போட்டார். இன்னொன்று என் கடைக்குப் பக்கத்து டீக்கடை அண்ணன். பெயில் வந்த ஐந்தாம் நாள் ஆள் வெளியே.

அப்புறம் முப்பது நாள் தினம் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. "இன்னொரு தடவை மாட்டினா குண்டாஸ்தான்" என்று தினமும் ஒரு வசனம். 1982-ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் உள்ளே வைக்கலாம். காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்திலும் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவிலும்தான் மீள வேண்டும். அந்த வசனத்துக்குப் பிறகு தம்பி சாயங்காலம் வெளியே போவதையே விட்டான்.

குற்றப்பத்திரிகை வந்த பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது, நல்லது செய்கிற முகத்தோடு. கோர்ட் வாசலில் ஒருவர், "எதுக்கும்மா அலையிற? ஒப்புக்கிட்டா உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சிருவாங்க. ஒரே வாய்தாவுல முடிஞ்சுரும்" என்றார். தம்பிக்கும் அதே ஆசை. எனக்குமே கொஞ்சம் இருந்தது.

மேடம் தம்பியை உட்காரவைத்துச் சொன்னார்: "கழிஞ்சது நாள்தான்டா, தண்டனை கழியாது." நம் நாட்டில் பெரியவர்களின் தண்டனைப் பதிவை அழித்துத் தரும் வழி கிடையாது. முதல் தப்பு என்று நன்னடத்தையில் விடும் சட்டமும், பதினெட்டு தாண்டியவனுக்கு இந்த மாதிரிப் பிரிவுகளில் பொருந்தாது. ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீலில் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றித்தான் வாதாட முடியும். அடுத்த முறை மாட்டினால் உச்ச தண்டனை ஒன்றரை மடங்கு. எங்கள் தெருவிலேயே ஒரு பையன் 40 கிராமுக்கு ஒப்புக்கொண்டு 5,000 கட்டிவிட்டு அன்றைக்கே பிரியாணி சாப்பிட்டான். இரண்டு வருஷம் கழித்து துபாய் விசாவுக்குப் போலீஸ் சான்று கேட்டபோது நின்றுபோனான்.

பிடிபட்ட மூவரில் ஒருவனுக்குப் பதினெட்டு ஆக இரண்டு மாசம் பாக்கி. அவன் கேஸ் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனது. அவன்மேல் குற்றம் முடிவானாலும் அதனால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது சட்டம். ஒரே பைக், ஒரே பை.

விசாரணை இரண்டு வருஷம் இழுத்தது. சாட்சி வராத வாய்தாதான் பாதி. சாம்பிளை மாஜிஸ்திரேட் முன்னால் எடுக்காமல் ரோட்டிலேயே எடுத்திருந்தார்கள். அது கூடாதென்று 2016-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. 50 கிராம் வீதம் இரண்டு சாம்பிள் போக 1.050 இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்துக் கோர்ட்டில் ஒப்படைத்தபோது கவரோடு 960 கிராம். காய்ந்துவிட்டது என்றார் எஸ்.ஐ. அந்தக் குற்ற எண்ணைக் காட்டி மேடம் கேட்டபோது தண்ணீர் கேட்டார். சாம்பிள் குறை ஒன்றை மட்டும் வைத்து விடுதலை கேட்க முடியாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதனால் எங்கள் கதையை அப்படியே யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு எடையும் எண்ணும் சேர்ந்து உதவின.

2024 நவம்பரில் தீர்ப்பு. 'சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை.' கோர்ட் பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். அம்மா அழுதாள். மேடம் மட்டும் அந்த முதல் நான்கு வார்த்தைகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து கான்ஸ்டபிள் ஆசை. தமிழ்நாடு காவல் பணி விதிப்படி, சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான்.

இப்போது ஓசூரில் வேலை. கம்பெனி போலீஸ் சரிபார்ப்பு கேட்டபோது மறைக்காமல் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வைத்தான், எடுத்துக்கொண்டார்கள். என் கடையில் போலீஸ் தேர்வுக்கு அப்ளை பண்ண வருகிற பையன்களுக்கு நான்தான் ஃபாரம் நிரப்புகிறேன். 'குற்ற வழக்கு ஏதேனும்' என்ற கட்டம் வரும்போது மட்டும் கீபோர்டை அவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறேன்.