காய்ச்சலை முன்பே சொல்லியிருக்கலாம்

2021 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, இரண்டாம் அலையில் உறவுகளைப் பறிகொடுத்த துக்கம் ஊரில் இன்னும் ஆறியிருக்கவில்லை. அப்படியிருந்தும், கொரோனா தடுப்பூசி போட வந்த செவிலியரைக் கண்டதும் நடவுப் பெண்கள் பலர் வேறு தெரு வழியாகப் போனார்கள். விவரம் தெரியாதவர்கள் என்று பலரும் பேசினோம், நானும் பேசினேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

வதந்திகளுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது, தடுப்பூசி அதற்குக் காரணமல்ல என்று விளக்கம் வெளிவந்தது. ஆனால் அந்த விளக்கம் எங்கள் டீக்கடைக்கு வந்து சேரும் முன்பே, ‘ஊசிதான் கொன்றது’ என்ற வாட்ஸ்அப் குரல்பதிவைக் கேட்காதவர் இல்லை.

என் பெரியம்மா அந்தக் குரல்பதிவை நம்பவில்லை. அவருடைய கணக்கு வேறு. “சாவுக்கு யாருடா பயந்தா? அடுத்த தெருக்காரி ஊசி போட்டுக்கிட்டு ரெண்டு நாள் எந்திரிக்கல. நடவு நேரத்துல ரெண்டு நாள் கூலிய யாரு குடுப்பா?” என்று கேட்டார். தடுப்பூசியை எதிர்கொள்ள உடல் தன் எதிர்ப்பாற்றலைத் திரட்டும்போது காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்று அடுத்த தெருப் பெண்ணிடம் ஊசிக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்த காய்ச்சலே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது. அதுபோலவே, பாதுகாப்பு உருவாக இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதும் சொல்லப்படாததால், முதல் தவணை போட்ட நான்காம் நாள் தொற்று உறுதியானவர்கள், ஊசி வழியாகவே கொரோனா வந்ததென்று நம்பினார்கள். கோவிஷீல்டிலோ கோவாக்சினிலோ நோயை உண்டாக்கக்கூடிய உயிருள்ள கொரோனா கிருமி கிடையாது.

சொற்களும் எங்களைக் குழப்பின. மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் புதிய உருமாற்றத்துக்கு ‘டெல்டா’ என்று பெயரிட்டது. எங்களைச் செய்திகளில் டெல்டா மாவட்டத்தார் என்றுதானே சொல்கிறார்கள்? “நம்ம பக்கம் கெளம்புன கிருமியா தம்பி?” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கலக்கத்தோடு கேட்டார். அது கிரேக்க எழுத்தின் பெயர், அந்த எழுத்தின் முக்கோண வடிவத்தை வைத்தே ஆற்று முகத்துவாரத்துக்கும் அப்பெயர் வந்தது என்று மண்ணில் வரைந்து காட்டினேன். அவர் கேட்டதில் எந்தக் குறையும் இல்லை.

பிறகு எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர், நடவு முடிந்து பெண்கள் கரையேறும் மாலை நேரத்தில் களத்துமேட்டுக்கே வந்தார். காய்ச்சல் வரலாம் என்பதைத்தான் முதலில் சொன்னார். பாராசிட்டமால் மாத்திரையைக் கையில் கொடுத்து, எப்போது விழுங்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் தன்னை அழைக்க வேண்டும் என்று விளக்கினார். மறுநாள் நடவு இல்லாதவர்கள் முதலில் வரட்டும் என்றார். பெரியம்மா கால் சேற்றைக் கழுவிவிட்டு வரிசையில் நின்றார். ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த தவணைக்கு எண்பத்து நான்கு நாள் என்று செவிலியர் சொன்னதைக் கேட்டு விரல்விட்டு எண்ணினார். “அப்போ குறுவை அறுப்பு நேரமாச்சே. அன்னைக்கும் சாயங்காலமே வாம்மா” என்றார்.