கால்சியம் பாட்டிலைப் பிடித்த கை

புதுச்சேரியில் உள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் நான் பெற்று வந்த ஓராண்டுப் பயிற்சி சென்ற மாதம் நிறைவடைந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நாள்தோறும் காலைப் பேருந்தில் போய் இரவு திரும்பினேன். பயிற்சிக் கட்டணம் என்று எதுவும் கட்டவில்லை. மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகையாக என் கையில் வந்தது. அந்தத் தொகையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிளஸ் டூ முடித்தபோது கால்நடை மருத்துவப் படிப்புக்கான கட்-ஆஃப் எனக்கு எட்டவில்லை. ஆனாலும் விலங்குகளோடு இருக்கும் வேலைதான் வேண்டும் என்ற பிடிவாதத்தில், தெருநாய்களைப் பேணும் ஓர் இடத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்தேன். சேவைக்கு வருபவருக்குப் பணம் எதற்கு என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். வெறிநோய்த் தடுப்பூசி போடாமலேயே என்னைக் கூண்டுக்குள் அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாய் என் மணிக்கட்டைக் கடித்தது. கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும் என்றுகூட எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்தான் குழாயடியில் என் கையைப் பிடித்துக் கழுவிவிட்டார். அம்மா என்னை அதற்குப் பிறகு அங்கே அனுப்பவில்லை. நாயின் மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

புதுச்சேரி மருத்துவமனையில் சேர்ந்த அன்றே முதல் தடுப்பூசியை மருத்துவமனைச் செலவில் போட்டார்கள். 0, 7, 21 ஆகிய நாட்களில் மூன்று ஊசிகள். “ஊசி முடியட்டும்மா, அதுவரைக்கும் எந்த நாயையும் தொட வேண்டாம்” என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதிவேடு எழுதுவது, எடை பார்ப்பது, தடுப்பு மருந்துகள் இருக்கும் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் குறித்து வைப்பது, இவற்றோடு அந்த மூன்று வாரங்கள் கழிந்தன.

அதன்பின் தொடங்கிய வேலையில் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். பார்வோ என்ற வைரஸ் தாக்கிக் கழிச்சலோடு வரும் நாய்க்குட்டிகளின் அறையைச் சாதாரண ஃபினாயில் ஊற்றிக் கழுவிப் பயனில்லை. அந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கழிவை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். கழிவின் மேலேயே ஊற்றினால் மருந்து வீண். இரத்த ஓட்டத்தைப் பார்க்க, குட்டியின் ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். நோய் இன்னதென்று சொல்வதும் மருந்தைத் தீர்மானிப்பதும் என் வேலையல்ல. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி அது பதிவு பெற்ற மருத்துவருக்கு உரியது. கண்டதைக் கண்டபடி, எண்ணோடு சொல்வது என் வேலை. நான் எடுத்த வெப்பநிலையையும் மூச்சு எண்ணிக்கையையும் டாக்டர் அம்மா பல நாள் திரும்ப எடுத்துப் பார்ப்பார். தவறியிருந்தால் மறுபடி எடுக்கச் சொல்வார். முந்தைய இடத்தில் நான் எழுதிய எதையும் எவரும் சரிபார்த்ததில்லை.

ஒரு மழை நாளில் பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முந்தின நாள் கன்று ஈன்ற கலப்பினப் பசு எழுந்திருக்காமல், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது. பால் காய்ச்சல் என்று பெயரே தவிர, இதில் உடம்பு சுடுவதில்லை. இரத்தத்திலுள்ள கால்சியம் சீம்பாலுக்கு இறங்கிவிடுவதால் தசைகள் சோர்ந்து மாடு விழுந்துவிடுகிறது. டாக்டர் அம்மா கழுத்து இரத்தக்குழாயில் ஊசியை ஏற்றிவிட்டு, வெதுவெதுப்பாக்கிய கால்சியம் பாட்டிலை என் கையில் தந்தார். கால்சியம் வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். பாட்டிலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். அவர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டபடி, என்னைப் பார்க்காமலேயே, “கையை இறக்கும்மா, இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். “எழுந்துக்குமா பாப்பா?” என்று மாட்டுக்காரப் பெண்மணி என்னிடம் இருமுறை கேட்டார், டாக்டர் சொல்வது காதில் விழாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் நான் பதில் சொல்லவில்லை. பாட்டில் காலியாகும் நேரத்தில் பசுவின் தோளும் தொடையும் நடுங்கின, ஏப்பம் விட்டது, சாணி போட்டது. சற்று நேரத்தில் பின்கால்களை ஊன்றி எழுந்து நின்று கன்றைத் தேடியது. மாட்டுக்கார அம்மா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தக் கை அசையாமல் நின்றதற்குக் காரணம், வெறும் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பல வாரங்கள் பழகியதுதான். காலையில் பழகிவிட்டு, மாலையில் வீட்டுக்குப் பணம் தேட வேறு வேலைக்கு ஓடும் நிலை இருந்திருந்தால் அப்படிப் பழகியிருக்க முடியாது. நெய்வேலியில் அப்ரண்டிஸாகச் சேரும் பையனுக்கு உதவித்தொகை உண்டு என்பது எங்கள் மாவட்டத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் இயல்பாகக் கிடைக்கும் இந்த மதிப்பு, நாயையும் மாட்டையும் பேணப் பழகுபவர்களுக்கு வரும்போது மட்டும் ‘சேவை’ என்ற சொல்லில் கரைந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. சம்பளமில்லாப் பயிற்சிக்கு வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் வர முடியும். மாட்டோடு பிறந்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

இந்த மாதம் முதல் நான் அதே மருத்துவமனையில் உதவியாளர். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு தங்கை பயிற்சிக்கு வந்திருக்கிறாள். அவளுடைய இரண்டாவது ஊசி வரும் திங்கட்கிழமை; மூன்று ஊசிகளும் முடியும்வரை பதிவேடும் குளிர்பெட்டியும் அவள் பொறுப்பு. நேற்று மாலை தண்ணீர் பாட்டில் ஒன்றை அவள் கையில் கொடுத்து, தோள் உயரத்தில் பிடித்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.