கியர் பாக்ஸை மாத்தும் முன்னாடி பல்சேட்டரைக் கழட்டிப் பாருங்க

போன மாசம் திசையன்விளையில இருந்து சித்தி போன் போட்டா. "எய்யா, துணி துவைக்கிற மிசினு உறுமுது, துணி அசைய மாட்டேங்கு. வந்து பாத்த பையன் கியர் பாக்ஸ் போயிட்டுன்னு சொல்லுதான். 6,500 ரூவா ஆவுமாம். பேசாம புதுசு வாங்கிரட்டா?"

"தொட்டிக்குள்ள அடியில துணியைச் சுழட்டுற தட்டு இருக்குல்லா, அந்தப் பல்சேட்டரைக் கழட்டிப் பாத்தானா சித்தி?"

"மூடியத் தொறந்தான், ஓட விட்டான், விலையச் சொன்னான், போயிட்டான்."

பாளையங்கோட்டையில 17 வருஷமா இந்த வேலைதான் பாக்கேன். கியர் பாக்ஸ் போச்சுன்னு தீர்ப்பு எழுதி ஓரங்கட்டின எத்தனையோ மெஷின் என் கைக்கு வந்து, வெறும் பல்சேட்டரோட முடிஞ்சிருக்கு. "ஒண்ணும் வாங்காதீய, ஞாயித்துக்கிழமை வாரேன்"னு சொல்லிட்டேன்.

டாப் லோடு மெஷின் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா யாரும் உங்களை ஏமாத்த முடியாது. மோட்டார் சுத்தும். பெல்ட் வழியா தொட்டிக்கு அடியில இருக்கிற பெரிய புல்லி சுத்தும். அதுக்கு மேலதான் நாம கியர் பாக்ஸ்னு சொல்ற கிளட்ச் செட். துவைக்கும்போது பிரேக் பட்டை தொட்டியைப் பிடிச்சுக்கும், நடுத் தண்டு மட்டும் பல்சேட்டரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா திருப்பும். பிழியும்போது, தண்ணியை வெளிய விடுற டிரெயின் மோட்டார் ஒரு லீவரை இழுக்கும். தண்ணி போற வழி திறக்கும், பிரேக் விடும், தண்டும் தொட்டியும் ஒண்ணா சேர்ந்து சுத்தும். துவைக்கும்போதே தொட்டியும் கூடச் சேர்ந்து சுத்துதுன்னா பிரேக்கையும் லீவரையும் பாருங்க. பிழிய மட்டும் மாட்டேங்குதுன்னா லீவர் இழுபடுதான்னு பாருங்க. இதுல எதுக்கும் முழு கியர் பாக்ஸ் மாத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

சித்தி வீட்டுல போனதும் முதல்ல பிளக்கைப் பிடுங்கினேன். பல்சேட்டரைக் கையால திருப்பினேன். லேசா, எந்தப் பிடிமானமும் இல்லாம சுத்துச்சு. கீழ புல்லி அசையவே இல்ல. நல்ல மெஷின்னா கை கனக்கும், புல்லியும் கூடவே ஓடும்.

நடு மூடியை நெம்பி எடுத்தா உள்ள போல்ட். துரு ஏறி இறுகிக் கிடந்துச்சு. வெந்நீர் ஒரு சொம்பு ஊத்தி, கால் மணி நேரம் விட்டு, டி ஸ்பேனரால மெதுவா திருப்பினேன். போல்ட் வந்துட்டு, பல்சேட்டர் வரல. இந்த இடத்துலதான் நிறைய பேரு ஸ்க்ரூ டிரைவரை ஓரத்துல விட்டு நெம்பி விளிம்பை உடைக்காங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ரெண்டு பக்கமும் விளிம்புக்கு அடியில கயிறு கொடுத்து, நேர் மேல ஒரே சீரா இழுக்கணும். சித்தியோட பழைய கொடிக்கயிறுதான் உதவிச்சு. மூணாவது இழுப்புல 'பொளக்'னு வந்துச்சு.

அடியில பாத்தா சிவப்பு. தேரி மண்ணு! அந்த ஊரு செம்மண்ணு மாவு மாதிரி, துணியோட உள்ள போயி, சோப்புக் கசடோட சேர்ந்து களிம்பா அப்பிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஊக்கு, ஒரு சட்டைப் பித்தான். பல்சேட்டரோட நடு ஓட்டையில பல்லு இருந்த தடமே இல்ல, வழுவழுன்னு வட்டமா தேஞ்சு போச்சு. தண்டு சுத்துது, பல்சேட்டர் நிக்கி. அவ்வளவுதான் நோய்.

அவசரப்பட்டு புதுசைப் போட்டுராதீங்க, தண்டோட பல்லையும் பாக்கணும். நகத்தால வருடினா ஒவ்வொரு பல்லும் தட்டணும். தண்டும் மழுங்கியிருந்தா புது பல்சேட்டரும் சீக்கிரமே தேஞ்சிரும், அப்பத்தான் கியர் பாக்ஸ் பேச்சை எடுக்கணும். சித்தி மெஷின்ல தண்டு கூர்மையா இருந்துச்சு. கையோட கொண்டு போன பல்சேட்டரை மாட்டிட்டேன். 800 ரூவாயில வேலை முடிஞ்சுது.

நடுவுல தூண் மாதிரி உயரமா அஜிடேட்டர் நிக்கிற மெஷின் இன்னும் சில வீட்டுல இருக்கு. எங்க தெருவுல ஒரு வாத்தியார் வீட்டுல, கீழ்ப் பாதி ஆடுது, மேல் பாதி சும்மா நிக்குது, மேல போட்ட துணி உள்ள போகவே இல்ல. தூணுக்குள்ள கட்டை விரல் நகம் அளவுல நாலு பிளாஸ்டிக் பல்லு இருக்கும், ஒரு பக்கம் வழுக்கி மறு பக்கம் பிடிக்கிறதுக்கு. நாலும் முனை மழுங்கிப் போச்சு. மாத்தினா நாலையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் மாத்தினா புதுசு மேலயே பாரம் விழுந்து அதுவும் போயிரும்.

கியர் பாக்ஸ் நெசமாவே சாகிறது பெரும்பாலும் தண்ணியால. தண்டைச் சுத்தி ஒரு ரப்பர் வாட்டர் சீல் உண்டு. அது தேஞ்சா தண்ணி பேரிங்குல இறங்கும், துரு பிடிக்கும், பிழியும்போது ஆலை ஓடுற மாதிரி சத்தம் வரும். அடியில செம்பழுப்பா ஒரு சொட்டு கண்டா அன்னைக்கே ஆளைக் கூப்பிடுங்க. சீல் மாத்துற கட்டத்துலயே தப்பிச்சிரலாம்.

ஆத்துத் தண்ணி வர்ற வீட்டுல பல்சேட்டருக்கு அடியில பழுப்பா வழவழப்பு இருக்கும், துடைச்சா போயிரும். போர் தண்ணி வீட்டுல வெள்ளையா கல்லு மாதிரி உப்பு கட்டும், அது சீலை அரம் போட்டு அராவுற மாதிரி அராவும். அப்படி உள்ளவங்க ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை துணியில்லாம, வெதுவெதுப்பான தண்ணியில 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போட்டு ஓட விடுங்க. குத்தாலத்துல எண்ணெய் தேச்சுக் குளிச்ச துண்டுகளை வெந்நீர்ல அலசாம மெஷினுக்குள்ள தள்ளாதீங்க.

கிளம்பும் முன்னாடி போல்ட்டுல கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினேன், அடுத்த தடவை வெந்நீர் ஊத்த வேண்டியிருக்காது. மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல 'ஆவணி'ன்னு பெருசா எழுதியிருக்கேன். ஆடிக் காத்துல தேரி மண்ணு எப்படிப் பறக்கும்னு அந்தப் பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். காத்து அடங்கினதும் போயி ஒருதடவை கழட்டிக் கழுவி மாட்டிட்டு வரணும்.