13 டிகிரியில் பிடிபட்ட மேப்பிள்: மண்டபத்திலிருந்து ஒரு ருசிக் குறிப்பு

கடைசியில் அந்தக் கருப்பு பீரில் மேப்பிள் மரப்பாகின் வாசனை 13 டிகிரியில் பிடிபட்டது. அதற்குக் கீழே கருகல் கசப்பு மட்டும், அதற்கு மேலே விஸ்கிக் காரம் மட்டும். நடுவில் ஒரு குறுகிய சந்து இருக்கிறது. அந்தச் சந்துக்குள் கிளாஸை அரைமணி நேரம் நிறுத்திவைக்க முடிந்தது என்ற பெருமையில்தான் இதை எழுதுகிறேன். அதுவும் மே மாதம், ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில், ஏசி இல்லாத அறையில்!

சரக்கைப் பற்றிச் சுருக்கமாக: கனடாவில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்தது. பால்டிக் போர்ட்டர் (பால்டிக் கடலோர நாடுகளின் கனமான கருப்பு பீர்), 11 சதவீத ஆல்கஹால், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் கிடந்தது, மேப்பிள் பாகு சேர்ந்தது. 500 மில்லி பாட்டில், மூடிமேல் கருப்பு மெழுகு. விமானத்தில் வரி கட்டாமல் ஆளுக்கு 2 லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பதால் குடும்பத்துக்குள் பங்கு பிரித்ததில் எனக்கு இரண்டு பாட்டில் வந்தது. போர்ட்டர் என்ற பெயரைப் பார்த்து ஏல், அதாவது வெதுவெதுப்பில் புளிக்கவைக்கிற பீர், என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பால்டிக் பக்கம் இதைப் பெரும்பாலும் லாகர் ஈஸ்ட் போட்டு, குளிரில்தான் புளிக்கவைக்கிறார்கள். ஏல் ஈஸ்ட் விடுகிற வாழைப்பழ, ஆப்பிள் வாசனையெல்லாம் இதில் கிட்டத்தட்ட இல்லை. பின்னணி துடைத்துவிட்டதுபோல் இருப்பதால், பீப்பாய் என்ன சொல்கிறதோ அது நேராக மூக்குக்கு வருகிறது. நான் இம்பீரியல் ஸ்டவுட் என்ற இன்னொரு கனமான கருப்பு பீரைவிட இதைத் தேடிப் போவதற்குக் காரணம் அதுதான்.

நம் ஊரில் பீர் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கூலிங் இருக்கா என்றுதான் கேட்பார்கள். அதில் நியாயமும் உண்டு. கடையில் கிடைக்கிற லாகரை 3, 4 டிகிரிக்கு மேல் குடித்தால் அதன் குறைகள் எல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். இந்த வகைக்கு அந்தக் கணக்கு தலைகீழ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, ஊற்றினால் காபித்தூள் கசப்பும் நாக்கில் ஒரு கனமும் தெரியும், அவ்வளவுதான். சரி, சூடேறட்டும் என்று மேஜைமேல் வைத்தால் இங்கே அறை வெப்பம் 34. கிளாஸ் 12-ஐத் தாண்டி ஓடி, மொபைலில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் 20-ல் நிற்கும். ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் ‘கையில் பிடித்து மெல்லச் சூடேறவிடுங்கள்’ என்கிறார்கள். அவர்கள் அறை அப்படி. இங்கே கையில் பிடிக்கவே வேண்டாம், பார்த்தாலே சூடேறிவிடும்.

மண்பானை யோசனையை யாரும் சொல்லவேண்டாம். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கோடையில் பானைத் தண்ணீர் தொண்டையைக் கூச வைக்கும். அங்கே காற்று காய்ந்த காற்று. மண்டபத்தில் வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் ஈரத்தை ஊதிக்கொண்டிருக்கின்றன. பானையின் மேலுள்ள ஈரம் காய்ந்தால்தானே உள்ளே குளிரும்? இங்கே 26, 27-க்குக் கீழே இறங்காது. ஈரச்சாக்கு சுற்றுவதும் அதே கதை.

ஆகவே தண்ணீர்க் குளியல். ஒரு எவர்சில்வர் குண்டானில் தண்ணீர், அதில் ஐஸ். ஐஸைக் கொட்டி வைத்துவிட்டால் தண்ணீர் பூச்சியத்தை நோக்கிப் போய்விடும். நொறுக்கிய ஐஸைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, கரண்டியால் கலக்கி, 12-ல் நிறுத்தவேண்டும். ஏறினால் இன்னும் கொஞ்சம். கிளாஸ் கழுத்துவரை தண்ணீருக்குள் நிற்கவேண்டும்; மிதந்து சாயாமல் இருக்க அடியில் இட்லித்தட்டு வைத்தேன். நம்பினால் நம்புங்கள், இட்லித்தட்டின் குழிக்குள் டியூலிப் கிளாஸின் அடிப்பாகம் அளவெடுத்ததுபோல் உட்காருகிறது.

அடுத்தது தெர்மாமீட்டர். சமையலறைக் கம்பித் தெர்மாமீட்டரை நேரே பீருக்குள் விட்டால் கம்பியைச் சுற்றி நுரை பொங்கி, இருக்கிற கொஞ்ச கேஸும் போய்விடுகிறது. அதற்கு நான் கண்ட வழி டம்மி கிளாஸ். அதே கிளாஸ் இன்னொன்று, அதே அளவு பச்சைத்தண்ணீர், பக்கத்து இட்லிக்குழியில். ஆரம்பத்தில் இரண்டும் ஃபிரிட்ஜிலிருந்து ஒன்றாக வெளியே வரவேண்டும், அது முக்கியம். கம்பி அதற்குள் இருக்கும்; பீரைத் தொடவேண்டியதில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த நம்ம போட் மெக்கானிக் பங்காளி, “இதுக்கா இம்புட்டுப் பாடு? ஊத்திக் குடிக்கிறத விட்டுட்டுத் தண்ணிக்குக் காய்ச்சல் பாத்துக்கிட்டு இருக்க” என்றான். அவன் பங்கை அவன் 5 டிகிரியிலேயே முடித்துவிட்டு, “காபி மாதிரி இருக்கு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது; ஐஸ் பிளான்ட்டில் கெஞ்சாமல் கிடைக்கிறது. ஆனால் தெர்மோகோல் பெட்டியை மட்டும் கடற்கரையில் இரவல் வாங்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் போகாது, அந்த வாடை ஐஸ் வழியாகத் தண்ணீருக்கும் தண்ணீர் வழியாகக் கிளாஸ் விளிம்புக்கும் வரும். பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி, புதுப் பெட்டியில் வையுங்கள். காற்றுத் திசையும் பார்க்கவேண்டும். எங்கள் தெருவுக்குத் தெற்கே கருவாடு காயப்போடுகிறார்கள். கச்சான் காற்று அடிக்கும்போது கிளாஸுக்குள் மூக்கை விட்டால் முதலில் வருவது நெத்திலிதான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்த்து வடிந்துகொண்டுதான் முகர்ந்தேன். கிளாஸைக் கடைசியாக அலச கேன் தண்ணீர். உப்புத்தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் நிற்கிறது.

இனி ருசி. 5-ல் மேலே சொன்ன காபிதான். 9-ஐத் தாண்டும்போது பீப்பாயின் ஓக் மரம் பேச ஆரம்பிக்கிறது: முதலில் வெனிலா, பின்னாலேயே லேசான தேங்காய். ஓக் கட்டையிலுள்ள லாக்டோன் என்ற பொருள்தான் அந்தத் தேங்காய் வாசனைக்குக் காரணம். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிதாகக் கருக்கிய ஓக் கலனில்தான் வைக்கவேண்டும், பழையதில் கூடாது. அதனால் ஒரே தடவை பயன்பட்ட 200 லிட்டர் பீப்பாய்கள் குவிந்துகிடக்கின்றன. பீர்க்காரரும் வாங்குகிறார், மேப்பிள் பாகுக்காரரும் வாங்குகிறார். சில பீப்பாய்கள் விஸ்கி, பாகு, பீர் என்று மூன்று பிறவி எடுப்பதும் உண்டு.

12-லிருந்து 14-க்குள் அது வந்தது. நல்ல, பழுப்பான, கொஞ்சம் கசந்த ஒரு வாசனை. எடுத்தவுடன் நான் குறிப்பேட்டில் எழுதியது ‘கருப்பட்டி?’ என்று கேள்விக்குறியோடு. இரண்டாவது முகர்வில் அதை அடித்துவிட்டேன். கருப்பட்டியில் இருக்கிற மண்ணும் உப்பும் இதில் இல்லை. 18-க்கு மேல் 11 சதவீதமும் மூக்கில் ஏறுகிறது, மிச்சம் எதுவும் தெரியாது. கடைசி மடக்கை வேண்டுமென்றே 24 வரை விட்டுப் பார்த்தேன்: இருமல் மருந்து.

அது எந்த வாசனை என்று தீர்த்துக்கொள்ள, மச்சான் கூடவே கொடுத்த சின்ன மேப்பிள் பாகுப் பாட்டில், சாயல்குடிப் பக்கத்துப் பனம்பாகு, கருப்பட்டி மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சின்னச் சின்ன டம்ளரில் அடுக்களைத் திண்ணையில் வைத்திருந்தேன். அப்பத்தா வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். மேப்பிள் டம்ளரைக் கீழே வைக்காமலே, “ஏய்யா, இதுல வெந்தயம் போட்டிருக்கா? களி கிண்டுன சட்டி வாடை அடிக்குதே” என்றார்.

ஒரு ஸ்பூன் வெந்தயத்தை வெறும் சட்டியில் பொன்னிறத்துக்கு முன்பே இறக்கி, நுணுக்கி, வெந்நீரில் போட்டு முகர்ந்தேன். அதேதான்! சோட்டோலோன் என்ற ஒரு பொருள். கொஞ்சமாக இருந்தால் மேப்பிள், கருகிய சர்க்கரை. அதிகமானால் வெந்தயம், குழம்பு மசாலா. போலி மேப்பிள் எசன்ஸ் செய்கிறவர்கள் வெந்தயச் சாற்றைச் சேர்ப்பதுண்டு. 2005-லிருந்து நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது தெருத்தெருவாக மேப்பிள் பாகு வாசனை வீசி, ஜனங்கள் பயந்து புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல்தான் கண்டுபிடித்தார்கள், ஆற்றுக்கு அக்கரை நியூஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்தும் ஒரு வாசனைப்பொருள் ஆலை என்று. அந்த ஊர் அதிகாரிகளுக்கு ஆண்டுக்கணக்கான வேலை. எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு மூச்சு.

இதற்குப் பிறகுதான் எனக்கு லேபிள்மேல் சந்தேகம் வந்தது. மேப்பிள் பாகின் சர்க்கரை ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். ஈஸ்ட் அதை வழித்துத் தின்றுவிடும். பீரில் இருந்த இனிப்பு மால்ட்டின் இனிப்பு, முடிவு வறண்ட முடிவு. பாகின் இனிப்பு என்று நாக்கில் ஒன்றும் தங்கவில்லை, வாசனை மட்டும்தான். அந்த வாசனையிலும் எல்லாம் மரத்துப் பாகிலிருந்து வந்தது என்று சொல்ல மாட்டேன். சோட்டோலோன் பழசாகிற பானங்களில் தானாகவே உண்டாகும். ஷெர்ரியில் உண்டு, வருஷக்கணக்கில் வைத்த பீரிலும் உண்டு. பீப்பாய்க்குள் மெல்ல மெல்லக் காற்றுப்பட்டுக் கிடக்கிற கருப்பு பீருக்கு மேப்பிளே சேர்க்காவிட்டாலும் அந்தப் பக்கம் ஒரு சாய்வு வந்துவிடும். பாகு அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது. கெட்டிக்காரத்தனம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முன்பக்கம் பெரிய எழுத்தில் போடவேண்டியது பீப்பாயின் பெயர்.

பனம்பாகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சீசன் முடிவதற்குள் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். மேப்பிள் மரத்து நீரில் சர்க்கரை நூற்றுக்கு 2 பங்குதான், 40 லிட்டர் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு. இரவு உறைந்து பகலில் உருகுகிற பருவத்தில்தான் இறங்கும். நம் பதநீரில் 10, 12 பங்கு இருக்கிறது, அதுவும் கொளுத்துகிற வெயிலில். இருந்தும் நம் ஆட்களுக்குச் சீனி கலக்காமல் கை நிற்காது. இந்த வருஷம் ஒரு கடையில் வாங்கிய கருப்பட்டி, உடைத்த இடத்தில் மினுமினுவென்று கல் தெரிந்தது; டம்ளரில் வாசனையே எழவில்லை. அந்தக் கடைக்கு இனி இல்லை. சாயல்குடிப் பக்கம் ரோட்டோரம் காய்ச்சுகிற இடத்திலேயே நின்று வாங்கியது வேறு தரம்: மங்கலான பழுப்பு, லேசான உப்பு, இரண்டு நாள் திறந்துவைத்தால் கசிகிறது. இங்கே ஈரத்தில் அது கசியத்தான் வேண்டும்.

அப்படியானால் பனம்பாகு போட்டு நாமே ஒன்று காய்ச்சலாமே என்று கேட்க வருகிறவர்களுக்கு: வீட்டில் காய்ச்சுவது நம் மாநிலத்தில் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சு வேண்டாம். நான் செய்யப்போவது சாராயம் இல்லாத ஒன்று. கருக்கிய ஓக் சில்லுகளைப் பனம்பாகில் ஊறவைத்து, ஒரு பங்கில் வறுத்த வெந்தயம் முடிச்சுக் கட்டிப் போட்டு, ஒரு பங்கைச் சும்மா விட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்ப்பது. ஓக் சில்லு ஆன்லைனில் விற்கிறவர்கள் பாதிப்பேர் பார்பெக்யூவுக்குப் புகை போடுகிற கட்டையை அனுப்புகிறார்கள். ஒயினுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள், எவ்வளவு கருக்கியது என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும். எனக்கு நடுத்தரக் கருக்கல் போதும். பார்சல் இன்னும் ராமநாதபுரம் வந்துசேரவில்லை.

இரண்டாவது பாட்டில் ஃபிரிட்ஜில் நின்றவாக்கில் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கும்வரை தொடுவதாக இல்லை. அதற்குள் அந்த வெந்தயச் சாய்வு இன்னும் கூடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு முன் இந்த ஐஸ் கலக்குகிற வேலையை ஒழிக்கவேண்டும். பங்காளி இப்போது தானாகவே இறங்கிவந்திருக்கிறான்: மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற பெல்டியர் தகடு ஒன்றைத் தெர்மோகோல் பெட்டியில் பொருத்தி, கண்ட்ரோலர் வைத்து 13-ல் நிறுத்தித் தருகிறானாம். தகட்டுக்கு 12 வோல்ட், போட் பேட்டரி அவனிடம் இருக்கிறது. தகட்டின் சூட்டை வெளியே விடுகிற ஹீட் சிங்க் மட்டும் மதுரையில் வாங்கவேண்டும். கூலிக்கு இரண்டாவது பாட்டிலில் பாதி கேட்கிறான். 5 டிகிரியில் குடிக்கமாட்டேன் என்று முதலில் சத்தியம் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.