கில்லீஸ் குறிப்புகள்: முகம் தைத்த ராணுவ டாக்டர்

17.6.2025, செவ்வாய்

ஹெரால்ட் கில்லீஸ் 1882-இல் இதே தேதியில் நியூசிலாந்தின் டுனீடினில் பிறந்தார். காது மூக்கு தொண்டை டாக்டர். முதல் உலகப் போரின்போது 1915-இல் பிரான்சுக்குப் போனவர், பாரிசில் மோரெஸ்தான் என்ற சர்ஜன், ஒரு நோயாளியின் முகப் புற்றை வெட்டி எடுத்துவிட்டு, தாடையடித் தோலைத் திருப்பி அந்தப் பள்ளத்தை மூடுவதைப் பார்த்தார். அதோடு அவர் பாதை மாறிவிட்டது. 1916 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் முகக் காயத்துக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்.

போர்முனையிலிருந்து நோயாளிகள் தன்னிடம் வந்து சேர வேண்டுமே! 10 பவுண்டு சொந்தக் காசில் தன் முகவரி போட்ட லேபிள்களை வாங்கிப் போர் அமைச்சகத்துக்கு அனுப்பினார், காயம்பட்டவர்கள் மேல் கட்டிவிடச் சொல்லி. 1916-இல் பிரான்சில் நடந்த சோம் சண்டைக்கு 200 பேரை எதிர்பார்த்தார்கள். வந்தது 2000.

18.6.2025, புதன்

கீழ்த்தாடை சிதறியவனை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்தால் செத்துப்போவான். நாக்கைப் பிடித்திருக்கும் எலும்பு போய்விட்டதால் நாக்கு பின்னால் சரிந்து, ரத்தத்தோடு சேர்ந்து மூச்சை அடைத்துவிடும். உட்காரவைத்துத் தலையை முன்பக்கம் சாய்க்க வேண்டும், அல்லது குப்புறப் படுக்கவைக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமலே பல உயிர் போயிருக்கிறது.

20.6.2025, வெள்ளி

இன்று டியூப் பெடிக்கிள், அதாவது உடம்போடு ஒட்டியபடியே குழாயாகத் தைத்த தோல் பட்டை. 1917 அக்டோபர் 3, இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனை. ஜட்லண்ட் கடற்போரில் முகம் வெந்த மாலுமி விக்கரேஜ். மார்பிலிருந்து தூக்கிய தோல் பட்டையின் ஓரங்கள் தாமாகவே உள்பக்கம் சுருள்வதைக் கில்லீஸ் கவனித்தார். அப்படியே சேர்த்துத் தைத்தார். (ஒடெஸாவில் ஃபிலாத்தோவ் என்ற கண் டாக்டர் இதே வேலையைத் தனியாக 1916-லேயே செய்திருந்தார், இவருக்கு அது தெரியாது.)

செய்முறை இதுதான். இணையாக இரண்டு வெட்டு. நடுப்பட்டையை அடிக்கொழுப்போடு பிரித்துத் தூக்கு. இரு முனையும் உடம்பிலேயே இருக்கட்டும். ஓரங்களை மடித்துத் தைத்தால் பெட்டியின் கைப்பிடி மாதிரி நிற்கும். நீளம் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்குக்குள் இருக்க வேண்டும். சுமார் 3 வாரம் கழித்து ஒரு முனையை வெட்டிப் புது இடத்தில் தைத்து, மறுபடி 3 வாரம் விட்டு மறுமுனையை வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் முகத்துக்குப் போக வேண்டுமானால், நடுவில் மணிக்கட்டில் ஒட்டிவைத்துக் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம்.

இதனால் என்ன லாபம்? திறந்த பட்டையின் அடிப்புறம் பச்சைப் புண். சீழ் பிடிக்கும், தழும்பாகிச் சுருங்கும். மூடிய குழாயில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளுத்தால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலமானால் வெளியே போகவில்லை. தையல் இறுக்கமா, உள்ளே ரத்தக்கட்டா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து உடனே இரண்டு தையலையாவது பிரித்துவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் கறுத்திருக்கும்.

21.6.2025, சனி

லம்லி என்ற விமானி. முகம் முழுக்க வெந்துபோனவர். 1918 பிப்ரவரியில் மார்புத் தோலை முழு முகத்துக்குமாகப் பெரிய ஒரே துண்டாகப் போட்டார் கில்லீஸ். அது அழுகியது; மார்ச்சில் ஆள் இறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பல கட்டங்களில் செய்திருக்க வேண்டும் என்று அவரே பிறகு எழுதிவைத்தார். அவருடைய வெற்றிகளைவிட இந்தக் கேஸைத்தான் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

23.6.2025, திங்கள்

மூக்கு. நெற்றித் தோலால் மூக்கு வைப்பது நம்மூர் வித்தை. திப்பு போர்க் காலத்து மாட்டு வண்டிக்காரர் காவஸ்ஜியின் புது மூக்கு 1794-இல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்தது. ஐரோப்பாவில் அதைப் பார்த்துச் செய்தவர்கள் பலர் வெளித்தோலை மட்டும் கவனித்தார்கள். உள்பக்கம் தோல் இல்லாவிட்டால் புண் ஆறும்போதே இழுத்துச் சுருக்கி, மூக்கு சில மாதத்தில் சப்பையாகிவிடும். கில்லீஸ் வரிசை: முதலில் உள்தோல், அடுத்து விலா எலும்பு நுனிக் குருத்தெலும்பு, கடைசியில் வெளித்தோல்.

24.6.2025, செவ்வாய்

மயக்க மருந்துதான் பெரிய இடைஞ்சல். ஈதர் முகமூடி வைக்கிற இடத்தில்தான் கத்தியும் வேலை செய்ய வேண்டும். ரத்தம் தொண்டைக்குள் போகாமலிருக்க நோயாளியை உட்காரவைத்தே அறுத்தார்கள். போருக்குப் பின் சிட்கப்பில் மகில், ரோபாதம் என்ற மயக்க மருந்து டாக்டர்கள் இருவரும் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு மெல்லிய குழாய்களை விட்டார்கள்: ஒன்றில் வாயு உள்ளே, மற்றதில் வெளியே. பிறகு அகலமான ஒரே ரப்பர் குழாய் போதும் என்று ஆனது. சர்ஜனுக்கு முகம் முழுவதும் காலியாகக் கிடைத்தது.