உச்சி மாநாட்டு அறிக்கைகளை மனப்பாடம் செய்து நான் இழந்த மதிப்பெண்கள்

உலகப் பொருளாதார ஆளுகைத் தாளை இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை, எழுச்சி பெறும் வட்டார வல்லரசுகளின் அரசியல் அடையாளம் பற்றிய கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியும் மதிப்பெண் ஏறவில்லை. பிரேசில், இந்தியா, தென்னாப்பிரிக்கா மூன்றையும் "வளரும் நாடுகளின் குரல்" என்று சேர்த்துக் கட்டிவிட்டேன். உச்சி மாநாட்டு அறிக்கைகளில் அவை தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதையே ஆய்வு என்று நம்பியிருந்தேன்.

இரண்டாம் முறை அறிக்கைகளை மூடிவைத்துவிட்டு, உலக வர்த்தக அமைப்பின் பேச்சுவார்த்தைகளைப் படித்தேன். 2003இல் கான்கூனில் பிரேசிலும் இந்தியாவும் தோளோடு தோள் நின்று, பணக்கார நாடுகளின் வேளாண் மானியத்தை எதிர்த்தன. 2008 ஜூலையில் ஜெனீவாவில் சமரசத் திட்டம் மேசைக்கு வந்தபோது பிரேசில் அதை ஏற்றது, இந்தியா மறுத்தது. பிரேசில் வேளாண் ஏற்றுமதியில் வலுவான நாடு, அதற்குச் சந்தை வேண்டும். இந்தியாவுக்கோ, இறக்குமதி திடீரெனப் பெருகினால் சிறு விவசாயிகளைக் காக்கச் சுங்கவரியை உயர்த்தும் உரிமை வேண்டும். இருவரும் வளரும் நாடுகளின் பெயரால்தான் பேசினார்கள்.

இந்த ஒரு நிகழ்வை ஊன்றிப் படியுங்கள். யார் பெயரால் பேசினார்கள், யாருடைய நலனைக் காத்தார்கள் என்று இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் விலகும் இடத்தில்தான் உங்கள் வாதம் பிறக்கும். ஆனால் அடையாளம் வெறும் முகமூடி என்று முடித்துவிடாதீர்கள்; நான் ஏறக்குறைய அந்தத் தவற்றையும் செய்தேன். ஆப்பிரிக்காவின் சார்பில் பேசுவதாகச் சொல்லும் தென்னாப்பிரிக்காவிடம், "உங்களை யார் நியமித்தது?" என்று அண்டை நாடுகள் கேட்க முடியும். சொல்லிவிட்ட சொல் சொன்னவரையும் கட்டுகிறது.

நிதித் துறைக்கு எண்களே போதும். 2014இல் அன்றைய பிரிக்ஸ் நாடுகளான பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியில் இந்த ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு. நெருக்கடியில் உறுப்பு நாடுகள் டாலர் பெறுவதற்காக அதே ஆண்டு உருவான 10,000 கோடி டாலர் அவசரக் கையிருப்பு ஏற்பாட்டில் சீனாவின் பங்கு 4,100 கோடி, தென்னாப்பிரிக்காவின் பங்கு 500 கோடி. மேலும், ஒரு நாடு தனக்குரிய வரம்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் பெற வேண்டுமானால், பன்னாட்டு நாணய நிதியத்தின் திட்டத்துக்குள் இருக்க வேண்டும். மாற்று என்று பேசப்பட்ட அமைப்பே பழைய நிதியத்தில் சாய்ந்து நிற்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேற்கோளும் காட்டாது.

தேர்வில் என் முதல் பத்தியை ஜெனீவாவில் தொடங்கினேன். பிரிக்ஸ் என்ற பெயரின் வரலாற்றுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கினேன்.