காயப் போட்டால் சாகும் கொட்டைகள்

ஜூன் 24

இலுப்பைப் பழம் உதிர ஆரம்பித்துவிட்டது. குளத்தங்கரையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து, "களத்துல நல்லா காயப் போட்டு எடுத்து வைடா, பூஞ்சை புடிக்காது" என்றார். எண்ணெய் ஆட்டுவதற்கு என்றால் அவர் சொல்வதுதான் சரி. நாற்றுக்கு என்றால் அந்த வெயிலே கொன்றுவிடும். விதைநெல்லைப் பல்லில் கடித்து 'நறுக்'கென்று உடைந்தால்தான் மூட்டை கட்டுகிற ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜூன் 27

பெரியப்பா விடவில்லை, ஏன் என்று கேட்டார். நெல், வாகை, புளி, கொன்றை எல்லாம் தாய்ச்செடியில் இருக்கும்போதே வற்றத் தொடங்கிவிடும். அப்போதே உள்ளே சர்க்கரையும் சில காப்புப் புரதங்களும் சேர்ந்துவிடுவதால், தண்ணீர் போன பிறகும் செல்லின் சவ்வு சிதையாது. அவற்றைச் சுமார் 5 சதவீத ஈரம் வரை காய வைக்கலாம், ஈரம் ஒரு சதவீதம் குறையக் குறைய ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் போட்ட கணக்கே இருக்கிறது. இலுப்பை, நாவல், மா, பலா இந்த ஏற்பாடு எதையும் செய்துகொள்வதில்லை. நிறைய ஈரத்தோடு விழும், விழுந்த பிறகும் உள்ளே கரு வேலையை நிறுத்தாது. அந்த ஈரத்தை இழந்தால் சவ்வு கிழிந்துவிடும், மறுபடி ஊறப்போட்டும் பயனில்லை. 1973இல் ராபர்ட்ஸ் என்ற விதை ஆராய்ச்சியாளர் இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பெயர் வைத்தார். வேம்பு எந்தப் பக்கம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

"அப்ப நெல்லுதான் கெட்டிக்காரப் பய" என்றார் பெரியப்பா.

ஜூலை 3

நாவல் கொட்டையில் பாதியை ஈர மரத்தூளிலும் பாதியை மொட்டைமாடியிலும் போட்டிருந்தேன். மரத்தூளில் இருந்தவை முளைவிட்டுவிட்டன, சில கொட்டைகளில் ஒன்றுக்கு இரண்டு கன்று (நாவலுக்கு அது வழக்கம்தான்). மாடியில் இருந்தவற்றை நறுக்கிப் பார்த்தால் பருப்பு சுருங்கிப் பழுப்பேறிக் கிடக்கிறது. நிழலில் வைத்தால் போதும் என்று சொல்கிறார்கள், இங்கே அடிக்கிற மேல்காற்றுக்கு நிழலும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

ஜூலை 9

வாகைக்குச் சுடுதண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊற வைத்தாயிற்று. தேக்கு இன்னும் வேடிக்கை: ஊறப்போட்டு, வெயிலில் காயப்போட்டு, மறுபடி ஊறப்போட்டு என்று மாற்றி மாற்றிச் செய்தால்தான் கொஞ்சமாவது முளைக்கும். இதற்குப் பெரியப்பாவை விட ஆள் கிடையாது, அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 15

பெங்களூரிலிருந்து ஒருவர் இலுப்பை விதை கூரியரில் கேட்கிறார், பிரிட்ஜில் வைத்து அடுத்த வருஷம் போடுவாராம். சாதாரணமாக வைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் உயிர் நிற்பது சந்தேகம், குளிரும் இந்த மாதிரி வெப்பநாட்டுக் கொட்டைகளுக்கு ஆகாது. இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டால் மூச்சுமுட்டி அழுகும், துணிப்பையில் போட்டால் காய்ந்துவிடும். விதை வேண்டாம், மழைக்காலம் தொடங்கியதும் வந்து கன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.